கடைத்தெரு சினிமா – 14: ஐந்தாம் மண்டலத்தில் ஏழு சாமுராய்கள்

சென்ற வாரம் சென்னை பர்மா பஜாரில் நின்றோம். இந்த வாரம் ஓசூரைத் தாண்டி பொம்மனஹள்ளி.

பெங்களூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்கள் சில்க் போர்டு நெரிசலிலிருந்து தப்பி மூச்சு விடுவதற்குள் வந்துவிடும் ஊர் இது. 2007இல் மாநகராட்சியோடு சேரும் வரை தனி நகராட்சியாக இருந்தது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஒருபுறம், கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பிள்ளைகள் தங்கும் பி.ஜி. அறைகள் மறுபுறம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலத்து ஆட்கள் ஏராளம். தெருவில் இறங்கித் தமிழில் வழி கேட்டால் தமிழிலேயே பதில் வரும். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவுக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் லேப்டாப்பில் இருந்தது.

டிவிடி வந்த புதிதில் ஹாலிவுட் கம்பெனிகள் உலகத்தை ஆறு மண்டலமாகக் கூறு போட்டுக்கொண்டன. அமெரிக்காவும் கனடாவும் ஒன்று. ஜப்பானும் மேற்கு ஐரோப்பாவும் இரண்டு. தென்கிழக்கு ஆசியா மூன்று. ஆஸ்திரேலியாவும் லத்தீன் அமெரிக்காவும் நான்கு. இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி எல்லாம் ஐந்து. சீனா ஆறு. ஒரு மண்டலத்து வட்டு இன்னொரு மண்டலத்துக் கருவியில் ஓடாது. படம் ஒவ்வொரு நாட்டிலும் வெவ்வேறு தேதியில் தியேட்டருக்கு வரும், அதற்குள் டிவிடி கடல் தாண்டிவிடக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். நேற்று வந்த படத்துக்கு அது பொருந்தும். 1954இல் வந்த குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’க்கு எந்தத் தியேட்டர் வசூலைக் காப்பாற்றப் போகிறார்கள்?

ஆனாலும் பூட்டு போட்டார்கள். சாமுராய் படங்களின் நல்ல டிவிடிகள் அன்றைக்குப் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் கிடைத்தன. ஒன்று, படத்தை எடுத்த ஜப்பான். அங்கே விலை அதிகம், பெரும்பாலானவற்றில் ஆங்கில சப்டைட்டிலும் கிடையாது. மற்றது அமெரிக்காவின் க்ரைட்டீரியன். 1984இல் லேசர் டிஸ்க்கில் தொடங்கிய கம்பெனி அது. 1998இல் டிவிடிக்கு மாறியபோது ‘செவன் சாமுராய்’க்குக் கொடுத்த வரிசை எண் 2. முதல் எண்ணுக்குரிய ‘கிராண்ட் இல்யூஷன்’ படத்துக்கு இடையில் இன்னும் நல்ல நெகட்டிவ் கிடைத்ததால் அதைத் தள்ளிப்போட்டார்கள். ஆக, சாமுராய்கள்தான் முதலில் வந்து இறங்கினார்கள். இறங்கியது ஒன்றாம் மண்டலத்தில். நாம் இருந்தது ஐந்தில்.

பொம்மனஹள்ளி அறைகளில் இதற்கு வைத்தியம் தெரிந்த பையன்கள் இருந்தார்கள். ரிமோட்டில் தட்டைத் திறந்து, சில எண்களை வரிசையாக அழுத்தினால், மறைந்திருக்கும் மெனு ஒன்று திரையில் வரும். அதில் மண்டலம் என்ற இடத்தில் 0 என்று மாற்றிவிட்டால் எல்லா ஊர் வட்டும் ஓடும். மலிவான சீனத்துப் பிளேயர்களில் பல அந்த வேலைகூட வைப்பதில்லை, வரும்போதே திறந்த வீடு. பெயர் பெற்ற கம்பெனிப் பிளேயரை வாங்கியவன்தான் மாட்டிக்கொள்வான். லேப்டாப் டிரைவில் கதை வேறு. மண்டலத்தை ஐந்து முறை மாற்றலாம். ஐந்தாவது மாற்றத்தில் எங்கே நிற்கிறதோ அங்கேயே பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து வந்த சீனியரின் டிவிடிக்கு ஒரு முறை, ஊரில் வாங்கிய ஐந்தாம் மண்டல வட்டுக்குத் திரும்ப ஒரு முறை என்று மாற்றிக்கொண்டே போனால் மூன்றாவது அமெரிக்க வட்டிலேயே கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வி.எல்.சி. பிளேயர்தான் தெய்வம்.

இதெல்லாம் அசல் வட்டு கையில் இருந்தவர்கள் பாடு. மற்றவர்கள் மெஜஸ்டிக்குக்குப் பஸ் ஏறினார்கள். காந்திநகர் நேஷனல் மார்க்கெட் அன்றைய பெங்களூரின் பர்மா பஜார். சந்துக்குள் சந்து, கடைக்கு முன்னால் அட்டைப்பெட்டி, அதில் செருகிய பிளாஸ்டிக் உறைகள். முன்வரிசையில் புதுக் கன்னடம், புதுத் தமிழ், புது இந்தி. உலக சினிமா கேட்டால் ஆளை ஒருமுறை பார்த்துவிட்டு, “பிளாக் அண்ட் வைட்டா சார்?” என்று அடியிலிருந்து ஒரு கட்டை எடுப்பார்கள். விகடனில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடரைப் படித்துவிட்டுப் பட்டியலோடு வந்தவர்கள் தமிழ்நாட்டுக் கடைகளில் உண்டு என்றால், அவர்களில் ஒரு பங்கு பேர் வேலை கிடைத்து பெங்களூருக்கும் வந்திருந்தார்கள். இந்தத் திருட்டு வட்டு வியாபாரத்தை ஒடுக்கத் தமிழ்நாடு 2004இல் குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தது. ஜப்பான் படம் விற்றதற்காக யாரையும் குண்டராக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தச் சட்டம் வந்தது புதுப்படத் தயாரிப்பாளர்களின் கண்ணீரால்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்தத் திருட்டு வட்டுகள் நமக்குக் குரோசாவாவின் கதையைக் கொடுத்தன, படத்தைக் கொடுக்கவில்லை. 

முதலில் விசிடி. ஒரு விசிடியில் ஏறக்குறைய 74 நிமிடம்தான் கொள்ளும். ‘செவன் சாமுராய்’ 207 நிமிடம். ஆகவே மூன்று வட்டு. குரோசாவா தன் படத்துக்குள்ளேயே இடைவேளை வைத்திருக்கிறார். திரையில் எழுத்து வந்து, இசை மட்டும் சில நிமிடம் ஓடும். விசிடிக்காரனுக்கு அது கணக்கில்லை. வட்டு எங்கே நிரம்புகிறதோ அங்கே வெட்டு, பேச்சின் நடுவே விழுந்தாலும் சரி.

அடுத்தது மழை. விசிடியின் படம் 352க்கு 288 புள்ளி. அந்தத் தொழில்நுட்பம் ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகப் பதிவு செய்வதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் எழுதிவைக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசினால் மாறுவது உதடு மட்டும், தாங்கிக்கொள்ளும். மழை கொட்டும் காட்சியில் திரையின் ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு நொடியும் மாறுகிறது. எழுத இடம் போதாமல் படம் சதுரம் சதுரமாக உடையும். ‘செவன் சாமுராய்’ கடைசிச் சண்டை முழுக்க மழை, சேறு, குதிரை. மூன்று கேமராவை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, தொலைவிலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் எடுத்த காட்சி அது. ஏழு சாமுராய்களில் இறக்கும் நால்வருமே துப்பாக்கிக் குண்டால் இறக்கிறார்கள், ஒருவரும் வாளால் அல்ல. வாளின் காலம் முடிந்தது என்று வசனம் இல்லாமலே சொல்கிறார் குரோசாவா. விசிடியில் சுட்டவன் யார், புகை எங்கிருந்து வந்தது என்றே தெரியாது. ஏழு பேரில் ஒருவரான க்யூஸோ திடீரென்று சேற்றில் விழுவார், கால் தடுக்கிவிட்டதோ என்று நினைக்கத் தோன்றும்.

‘யோஜிம்போ’ (1961) பட்ட பாடு இன்னும் மோசம். அது டோஹோஸ்கோப் படம். திரை உயரத்தைப்போல இரண்டேகால் மடங்குக்கும் மேல் அகலம். ஊரின் இரண்டு கும்பலையும் மோதவிட்டுவிட்டு, நடுத்தெருவில் இருக்கும் காவல் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறார் நாயகனாக நடிக்கும் மிஃபுனே. கீழே இந்தப் பக்கம் ஒரு கும்பல், அந்தப் பக்கம் ஒரு கும்பல். இரண்டும் வீராப்பாக நாலு அடி முன்னே வரும், பயந்து மூன்று அடி பின்னே போகும். மேலே இருப்பவர் ரசிக்கிறார். இந்த நகைச்சுவை மொத்தமும் ஒரே ஃபிரேமின் இரு ஓரங்களில் நடக்கிறது. பழைய டிவிக்காகப் பக்கவாட்டை வெட்டிய பிரதியில் ஒரு கும்பல்தான் இருக்கும். எதிரே யாருமில்லாத தெருவைப் பார்த்து இருபது பேர் ஏன் நடுங்குகிறார்கள்? படத்தைப் பற்றி அன்று நம் பத்திரிகைகளில் வந்த சில கட்டுரைகளைப் படித்தால், எழுதியவர் எந்தப் பிரதியைப் பார்த்தார் என்று ஊகித்துவிடலாம். கதைச் சுருக்கம் கச்சிதமாக இருக்கும், காட்சி பற்றி ஒரு வரி இருக்காது. அவர் பேரில் குற்றமில்லை. அவர் வாங்கிய வட்டில் அது இல்லை.

நம்மவர்கள் ஜப்பானியப் படத்தைப் பிரிண்டிலேயே பார்த்த காலமும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாய், சென்னை, டெல்லி, கல்கத்தா என்று ஊர் ஊராகச் சுற்றியபோது குரோசாவாவின் ‘ராஷோமோன்’ வந்தது. கேமராவில் மழை தெரிய வேண்டும் என்று தண்ணீரில் மை கலந்து பொழியவைத்த படம். எஸ்.பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) அதன் தூண்டுதலில் பிறந்தது என்பார்கள். ஒரு கொலை, ஆளுக்கொரு ஊகம் என்ற அமைப்பை விடுங்கள், ‘அந்த நாள்’ படத்தின் நிழலையும் வெளிச்சத்தையும் பாருங்கள். திரையில் பார்த்தவர் எடுத்த படம் என்று தெரியும். விசிடி காலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

சட்டப்படியான வட்டுகள் நம் ஊருக்கு வந்தது 2000களின் பிற்பாதியில். மோசர் பேயர் வந்து தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றுச் சந்தையைப் புரட்டிப்போட்டது. பலடோர், என்லைட்டன் போன்ற மும்பை நிறுவனங்கள் உலக சினிமாவுக்கு இந்திய உரிமை வாங்கி டிவிடி போட்டன. பொம்மனஹள்ளியிலிருந்து ஓசூர் சாலையிலேயே நேராகப் போனால் அன்றைய கோரமங்களா ஃபோரம் மால். அங்கிருந்த லேண்ட்மார்க் மாதிரிக் கடைகளில் உலக சினிமாவுக்கென்று தனி அடுக்கு வந்தது. அதே காலத்தில் பெங்களூரிலேயே செவன்டிஎம்எம் என்ற கம்பெனி, மாதச் சந்தா கட்டினால் டிவிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் தொழிலைத் தொடங்கியது. அமெரிக்காவில் நெட்ஃப்ளிக்ஸ் தபாலில் செய்துகொண்டிருந்ததை இங்கே பைக்கில் செய்தார்கள். பெங்களூர் டிராஃபிக்கில் ஒரு வட்டைக் கொடுத்து இன்னொன்றைத் திரும்ப வாங்கி வருவதற்குள் படத்தின் வாடகை பெட்ரோலுக்குப் போயிருக்கும் என்பது என் கணக்கு. நிலைக்கவில்லை. மோசர் பேயரும் 2018இல் கலைப்புக்குப் போனது. நல்ல சரக்கு கடைக்கு வந்த நேரத்தில் சந்தையே கலைந்துவிட்டது. அதற்குள் பி.ஜி. அறைகளுக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது. அது இன்னொரு வாரத்துக்கான கதை.

ப்ளூ-ரே வந்தபோது மறுபடி வரைபடம் விரித்தார்கள். இந்த முறை மூன்றே மண்டலம். அமெரிக்கா, ஜப்பான், தென்கிழக்கு ஆசியா ஏ. ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி. இந்தியா, ரஷ்யா, சீனா சி. அதாவது டோக்கியோவில் வாங்கிய ‘ஹராகிரி’ என்ற சாமுராய் படம் சிங்கப்பூர்த் தமிழர் வீட்டில் ஓடும், பொம்மனஹள்ளித் தமிழர் வீட்டில் ஓடாது. லண்டன் தமிழருக்கும் அது கிடையாது, ஆனால் அவருக்கு பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனமான பி.எஃப்.ஐ.யின் வெளியீடுகள் இருக்கின்றன. சி மண்டலத்தை மனதில் வைத்து யாரும் சாமுராய் படம் போட்டதாகத் தெரியவில்லை.

ஜப்பானிலும் இந்தப் படங்களுக்கு வழக்கு இல்லாமல் இல்லை. அங்கே சினிமாவின் காப்புரிமைக் காலம் 50 ஆண்டாக இருந்து 2004இல் 70 ஆனது. அந்த இடுக்கில் 1953ஆம் வருடப் படங்கள் சிக்கின. ‘ஷேன்’ படத்துக்கு உரிமை முடிந்துவிட்டது என்று 2007 டிசம்பரில் ஜப்பான் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மலிவு டிவிடிக்காரர்கள் குரோசாவாவின் பழைய படங்களையும் போட்டு விற்க, அவற்றைத் தயாரித்த டோஹோ நிறுவனம் நீதிமன்றம் போனது. பழைய சட்டப்படி இயக்குநரே படைப்பாளி, அவர் இறந்து 38 ஆண்டு வரை உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது. குரோசாவா இறந்தது 1998. அந்தக் கணக்கில் 2036 வரை பாதுகாப்பு. நம் 1957ஆம் வருடச் சட்டம் சினிமாவுக்குக் கொடுப்பது வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அந்தக் கூட்டல்படி 1954ஆம் வருடப் படத்துக்கு 2014ஓடு முடிகிறது. புதிதாக எழுதிய சப்டைட்டிலுக்கும் புது உரைகளுக்கும் உரிமை தனி என்பதால் யாரும் இதை நம்பிக் கடை போட வேண்டாம். நேஷனல் மார்க்கெட்டின் அட்டைப்பெட்டிக்காரர் பத்து வருடம் காத்திருந்தால் பாதி நல்லவராகியிருப்பார் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

‘செவன் சாமுராய்’ அசல் நெகட்டிவ் இன்று இல்லை. பிழைத்திருக்கும் பிரதிகளிலிருந்து டோஹோ 4கே தரத்தில் மீட்டெடுத்தது. 2024 மே மாதம் கான் விழாவில் திரையிட்டார்கள், அந்த ஆண்டு நவம்பரில் க்ரைட்டீரியன் 4கே வட்டாக வெளியிட்டது. 4கே யு.எச்.டி. வட்டுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. இனி எந்த ஊர் வட்டும் எந்த ஊரிலும் ஓடும். ஓட்டுவதற்குக் கருவிதான் நம் கடைகளில் அரிது. வட்டு போடும் வசதியுள்ள பிளேஸ்டேஷன் 5 இருந்தால் போதும், பொம்மனஹள்ளியில் அது பல அறைகளில் இருக்கிறது. சுங்கம் கட்டி வரவழைத்தவர்கள் மழையைத் துளித் துளியாகப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தப் பெட்டிக்குள் படம் உருவான கதை, பேட்டிகள் எல்லாம் இருப்பது கூடவே வரும் சாதாரண ப்ளூ-ரேயில். அதில் ஏ மண்டலப் பூட்டு இன்னும் அப்படியே தொங்குகிறது.

அடுத்த வாரம்: கண் தெரியாத வாள்வீரன் ஜாடோயிச்சியும் இருபத்தேழு வட்டுப் பெட்டியும்.

(தொடரும்)