ஙௌ எந்தச் சொல்லில் வரும்? – சேர்மான இரசாயனமும் ஒடென்சே தராசும்

ஒடென்சேயில் தமிழ்ப் பாடசாலைக்குப் போகும் என் மகளுக்கு உயிர்மெய் அட்டவணை வீட்டுப்பாடமாக வந்திருந்தது. மேலே பன்னிரண்டு உயிர், இடப்பக்கம் பதினெட்டு மெய். கட்டம் கட்டமாக நிரப்பி வந்தவள் ங வரிசையின் கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டாள். "அப்பா, ஙௌ எந்தச் சொல்லில வரும்?" எந்தச் சொல்லிலும் வராது. அங்ஙனம், இங்ஙனம் என்று ங மட்டும் எங்கோ தலைகாட்டும். மற்றவை அட்டவணையை நிரப்பப் பிறந்தவை. "பிறகேன் எழுத வேணும்?" என்றாள். நியாயமான கேள்வி.

முப்பது எழுத்துக்களைச் சேர்த்தால் 216 எழுத்துக்கள் தாமாகவே பிறந்துவிடுகின்றன. சொல்தான் தானாகப் பிறப்பதில்லை. கடந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் மருந்துத் தொழில் ஏறக்குறைய இதே அட்டவணையை எழுதத் தொடங்கி, இதே இடத்தில் திகைத்து நின்றது. ஆங்கிலத்தில் அதைக் காம்பினேட்டோரியல் கெமிஸ்ட்ரி என்பார்கள். பாடசாலையில் வரிசைமாற்றமும் சேர்மானமும் படித்தவர்களுக்குச் சேர்மான இரசாயனம் என்றால் விளங்கிவிடும்.

அதற்கு முன் மருந்து தேடுவது ஒற்றை ஒற்றையாகத்தான். ஓர் இரசாயனவியலாளர் ஒரு குடுவையில் ஒரு சேர்மத்தைச் செய்வார், சுத்திகரிப்பார், சோதனைக்கு அனுப்புவார், வாரங்கள் ஓடும். 1963இல் அமெரிக்காவின் மெரிஃபீல்ட் ஒரு தந்திரம் கண்டார். மூலக்கூறின் ஒரு முனையை மணல் போன்ற பொலிஸ்டைரீன் மணியில் கட்டிவிட்டு, மறுமுனையில் துண்டு துண்டாகக் கோத்துக்கொண்டே போவது. ஒவ்வொரு முறையும் மிச்ச மருந்துகளைக் கழுவி ஊற்றினால் போதும், மணி வடியில் தங்கிவிடும். இதற்காக 1984இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மணிகளை வைத்து அட்டவணை போட்டவர் ஹங்கேரியின் ஆர்பாட் ஃபுர்கா. தன் யோசனையை 1982இலேயே எழுதி நோட்டரியிடம் பதிவு செய்து வைத்தார். மணிகளை இருபது பாத்திரங்களில் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு அமினோ அமிலத்தைக் கட்டுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்குங்கள். மறுபடி இருபதாகப் பிரியுங்கள். இப்படி மூன்று சுற்று, அதாவது அறுபது வேலை முடிந்தால் 8,000 வேறுவேறு பெப்டைடுகள் கையில். ஐந்து சுற்றில், நூறு வேலையில், 32 இலட்சம்! ஒரு மணி எத்தனை பாத்திரங்களைக் கடந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு பாத்திரத்தில்தான் இருக்கும். ஆகவே ஒரு மணியில் ஒரே வகைச் சேர்மம்தான் வளரும். இதுதான் இதன் அழகு.

டென்மார்க்குக்கும் இதில் பங்குண்டு. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடம் (பியர் கம்பனியுடையதுதான், அமிலத்தை அளக்கும் பிஎச் அளவுகோலும் 1909இல் அங்கேதான் பிறந்தது) இத்தகைய மணிகளில் பெப்டைடு நூலகங்களைச் செய்துகொண்டிருந்தது. அங்கே மோர்ட்டன் மெல்டாலின் குழு செப்பு உப்பு சேர்த்துச் செய்த ஒரு வினை எதிர்பார்த்த முனையில் நடக்காமல் மூலக்கூறின் மறுமுனையான அசைடில் போய் ஒட்டிக்கொண்டது. பிழையென்று ஊற்றிவிடாமல் உற்றுப் பார்த்ததன் பலன், 2002இல் வெளியான "கிளிக்" வினை. 2022இல் நோபல் பரிசு.

ஆக்கியாயிற்று, இனிச் சலிக்க வேண்டும். சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டுகள் வந்தன: முதலில் 96 குழி, பிறகு 384, பிறகு 1,536. ரோபோக்கள் இரவு பகலாகத் துளி விட்டன. இந்த அதிவேகச் சல்லடையும் அந்த மணிகளும் சேர்ந்தால் மருந்து கொட்டும் என்று நம்பினார்கள். கொட்டவில்லை. 1981 முதல் 2010 வரை வந்த புதிய மருந்துகளைக் கணக்கெடுத்த நியூமன், கிராக் இருவராலும் அடிமுதல் நுனிவரை இம்முறையில் பிறந்தது என்று ஒன்றைத்தான் காட்ட முடிந்தது. ஏற்கெனவே கிடைத்ததைச் செப்பனிட இம்முறை பெரிதும் உதவியது, அதை மறுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கண்டது ஒன்றே ஒன்று!

அந்த ஒன்றின் பெயர் சோராஃபெனிப். உயிரணுவை வளரச் சொல்லும் ராஃப் என்ற புரதத்தைத் தடுக்க பேயர், ஒனிக்ஸ் நிறுவனங்கள் சுமார் 2,00,000 சேர்மங்களைச் சலித்தன. அகப்பட்டது ஒரு சோனிச் சேர்மம். அதன் கட்டமைப்பை வைத்து ஏறக்குறைய ஆயிரம் உறவுச் சேர்மங்களைச் சேர்மான முறையில் செய்து, மேலும் செதுக்கி, ஆயிரம் மடங்குக்கு மேல் வலிமையான ஒன்றை எடுத்தார்கள். 2005 டிசம்பரில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அமெரிக்க அனுமதி, 2007இல் ஈரல் புற்றுநோய்க்கு. வேடிக்கை என்னவென்றால், ராஃபுக்கென்று பொறுக்கிய இந்தச் சேர்மம் இரத்தக்குழாய் வளரத் தூண்டும் வேறு புரதங்களையும் இறுகப் பிடிக்கிறது. சிறுநீரகப் புற்றில் அதன் பயன் பெரும்பாலும் அந்தப் பிடியால்தான் என்றே இன்று கருதுகிறார்கள். தட்டின் குழியில் ஒரே ஒரு புரதம், உயிரணுவிலோ ஆயிரக்கணக்கில். மருந்து உள்ளே போய் யார் கையைப் பிடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கேதான் ஒடென்சே வருகிறது. ஆண்டர்சன் பிறந்த ஊர் என்று பேருந்தில் வந்திறங்கும் சுற்றுலாக்காரர் எவரும் தெற்கு டென்மார்க் பல்கலைக்கழகத்துப் பக்கம் போவதில்லை. பீட்டர் ரோப்ஸ்டோர்ஃப் அங்கே நீண்டகாலமாகப் புரதங்களை நிறை நிறமாலைமானியில் ஆராய்ந்து வந்தார். மூலக்கூறுகளை நிறுக்கும் தராசு என்று அதை வைத்துக்கொள்ளுங்கள். 1998இல் ஜெர்மானியரான மத்தியாஸ் மான் அங்கு பேராசிரியராக வந்தார். 2002இல் அவர் குழு வெளியிட்ட முறைக்கு சிலாக் என்று பெயர்.

லியூசின் என்ற அமினோ அமிலத்தை மனித உயிரணு தானே செய்துகொள்ளாது, நாம்தான் ஊட்ட வேண்டும். ஒரு கிண்ணத்து உயிரணுக்களுக்குச் சாதாரண லியூசின். மற்றக் கிண்ணத்துக்கு, மூன்று ஐதரசனுக்குப் பதில் கனமான டியூட்டேரியம் வைத்த லியூசின். உயிரணுவுக்கு வித்தியாசம் தெரியாது. தராசுக்குத் தெரியும். சில தலைமுறை கழித்து ஒரு கூட்டத்தின் புரதமெல்லாம் கனத்துவிடும். இனி ஒரு கூட்டத்தின் புரதச் சாற்றை மருந்து கட்டிய மணிகளோடும், மற்றதை வெறும் மணிகளோடும் கலக்கிக் கழுவுங்கள் (மெரிஃபீல்டின் மணிகள் திரும்பவும் வந்துவிட்டன பாருங்கள்). இரண்டையும் சேர்த்து நிறுங்கள். சும்மா ஒட்டியவை இரண்டு பக்கமும் சமமாக, இரட்டைப் பிள்ளைகள் போல் தெரியும். ஒரு பக்கம் மட்டும் ஓங்கி நிற்பதுதான் மருந்தின் உண்மையான கூட்டாளி. ஒடென்சேக் கட்டுரையின் முதல் ஆசிரியரான ஷாவ்-என் ஓங் பின்னர் அமெரிக்காவில் பிராட் நிறுவனத்திலிருந்து, 2009இல் இப்படி மருந்துகளின் கூட்டாளிகளைத் தேடிக் காட்டினார். இதே 2002 கட்டுரையில் பெயர் உள்ள அகிலேஷ் பாண்டே அந்த ஆண்டே பெங்களூரில் உயிர்த்தகவலியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 2014இல் அந்நிறுவனமும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸும் சேர்ந்து 17,294 மரபணுக்களின் புரதங்களைக் காட்டும் மனிதப் புரத வரைபடத்தை வெளியிட்டன.

என்னைக் கேட்டால், நூலகத்தில் எத்தனை இலட்சம் சேர்மம் என்று விளம்பரம் செய்தவர்களைவிட இந்தத் தராசுக்காரர்களே சொல்லைத் தேடியவர்கள்.

சோராஃபெனிப் இந்தியாவுக்கும் போனது. ஒரு மாத மாத்திரைக்கு விலை சுமார் 2,80,000 ரூபா. தேவைப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேருக்குச் சற்று மேலாகவே அது எட்டியது. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அதிகாரி நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கொடுத்தார். மாத விலை 9,000 ரூபாவுக்குக் கீழே இறங்கியது. பேயர் மேல்முறையீடு செய்தது. வழக்கைக் கேட்டது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் (2021இல் கலைக்கப்பட்டுவிட்டது). 2013 மார்ச்சில் உரிமம் செல்லும் என்றும், பேயருக்கான பங்குத் தொகை மட்டும் நூற்றுக்கு 6இலிருந்து 7 ஆகட்டும் என்றும் தீர்ப்பு வந்தது. 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

இலக்கிய வாசகர்களுக்கு ஒரு தகவல்: அந்த வாரியத்தின் தலைவராக இருந்து தீர்ப்பளித்த நீதிபதி பிரபா ஸ்ரீதேவன்தான், பிற்பாடு ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்.