ஒரே வயிற்றில் இரண்டு நோய்கள்

மலைநாட்டில் வயிற்றுக்குள் எந்தக் கோளாறு வந்தாலும் அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: "கேஸ்ட்ரைட்டிஸ்". விடியற்காலையில் மலைக்குப் போகும் கொழுந்துக்கார அம்மாவுக்கும் அதே பெயர். பரீட்சைக் காலத்தில் காலைச் சாப்பாட்டைத் தவிர்க்கும் மாணவிக்கும் அதே பெயர். கடைவாசலில் வெறும் வயிற்றில் சாயத் தேநீர் குடிக்கும் பெரியவருக்கும் அதே பெயர். பல வேளைகளில் அந்தப் பெயர் சரியானதாகவே இருக்கும். ஆனால் சில வேளைகளில் அதற்குப் பின்னால் இன்னொரு நோய் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும்.

எனக்கு இரண்டும் இருக்கின்றன: ஒன்று இரைப்பை அழற்சி, மற்றது சீலியாக் நோய். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் கடைவீதியில் வாப்பா பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். கோதுமை மா மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த எனக்குக் கோதுமையே ஆகாது என்பது விந்தைதான். உயர்தரத்தில் உயிரியல் படிப்பவள் என்ற வகையில், நூல்களில் கற்றதையும் என் உடம்பில் கண்டதையும் சேர்த்து எழுதுகிறேன். வாசிக்கும் சகோதரிகளில் ஒருவருக்கேனும், பெற்றோரில் ஒருவருக்கேனும் இது பயன்பட்டால் போதும்.

இரைப்பை அழற்சி

நமது இரைப்பை உணவைச் சமிக்கச் செய்ய ஐதரோகுளோரிக்கமிலத்தைச் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையின் சுவரையே அரித்துவிடாதபடி உட்பக்கத்தில் சளி போன்றதொரு சீதப்படை பூசப்பட்டிருக்கிறது. அந்தக் காப்பு பழுதடைந்து உட்சுவர் புண்பட்டு வீங்குவதே இரைப்பை அழற்சி. மேல்வயிற்று எரிவு, குமட்டல், சிறிது உண்டதும் வயிறு நிறைந்துவிட்ட உணர்வு ஆகியவை இதன் அறிகுறிகள்.

மனக்கவலையும் கொச்சிக்காயும்தான் இதற்குக் காரணம் என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வொரன், பெரி மார்ஷல் என்ற இரு வைத்தியர்கள் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பற்றீரியாவை நோயாளிகளின் இரைப்பையிலிருந்து பிரித்து வளர்த்துக் காட்டினர். அப்போது பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தப் பற்றீரியா கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி உண்டானது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மற்றொரு பெரிய காரணம் வலிநிவாரணிகள். மாதவிடாய் வலிக்கு நம்மில் பலர் எடுக்கும் மெஃபெனாமிக் அமிலம், ஐபுபுறொபென், டைக்குளோபெனக் போன்ற குளிசைகள் இரைப்பையின் காப்பைக் குறைக்கின்றன. அவற்றை வெறும் வயிற்றில், வைத்தியரிடம் கேளாமல் விழுங்கும் பழக்கம் நம் விடுதிகளில் சாதாரணம். பரசிற்றமோல் இந்த வகையைச் சேர்ந்ததல்ல.

சீலியாக் நோய்

இது சிறுகுடலில் நடக்கும் கதை. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. ரொட்டி மாவை இழுத்தால் அறுந்துபோகாமல் நீள்வது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர் இதை உண்டால், கிருமிகளை எதிர்க்கவேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி அவரது சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவை அகத்துறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. சடைமுளைகள் இல்லாத குடலுக்கு எவ்வளவு நல்ல உணவைக் கொடுத்தாலும் இரும்புச்சத்தும் கல்சியமும் விற்றமின்களும் உடம்பில் போதியளவு சேர்வதில்லை.

இது ஒவ்வாமையல்ல, தொற்றுநோயும் அல்ல. பரம்பரையலகு வழியாக வரும் போக்கும், குளூட்டன் உணவும் சேர்ந்தால்தான் உண்டாகும். உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இதற்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை.

1888இல் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் இந்நோயைத் தெளிவாக விவரித்து, இதற்கு விடை உணவில்தான் இருக்கவேண்டும் என்றார். அந்த உணவு எது என்பதைக் காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ. அவர் போருக்கு முன்பே கோதுமையைச் சந்தேகித்திருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலமான 1944–45இல் அந்நாட்டில் பாண் கிடைக்காமல் போனது. நாடே பட்டினியில் வாடியபோது சீலியாக் நோயுள்ள குழந்தைகள் தேறினர். பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நோயுற்றனர். 1950இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

கோதுமை மலைக்கு வந்த வழி

ஒல்லாந்துப் பிள்ளைகளிடமிருந்து பாணைப் பறித்த அதே போர்தான் நம் மலைநாட்டுக்குக் கோதுமை மாவை அதிகமாகக் கொண்டுவந்தது. அதுவரை தோட்டங்களில் பர்மா அரிசியே பிரதான உணவு. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அந்த அரிசி நின்றுபோனது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. குறைந்த அரிசியின் இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. அதன்பின் மலைநாட்டு அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கவேயில்லை. காலையில் தட்டி, கட்டச்சம்பலோடு பொதிந்து மலைக்குக் கொண்டுபோக அதைவிட வசதியான உணவு வேறென்ன? இந்நாட்டில் விளையாத தானியம் ஒன்று இப்படித்தான் நம் அன்றாட உணவானது.

இதை வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000க்கும் அதிகமானோரிடம் நடத்திய ஆய்வொன்று 2016இல் வெளியானது. வடக்கில் 1000 பேரில் சுமார் 12 பேரின் குருதியில் சீலியாக் நோய்க்குரிய பிறபொருளெதிரிகள் இருந்தன. தெற்கில், அதாவது தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியில், 1000 பேரில் ஒருவரிடமே அவை இருந்தன. ஆனால் நோய்க்கு இடந்தரும் பரம்பரையலகுகள் இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டன. பெரிய வேறுபாடு உணவில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்கு உண்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கில் 25 கிராம். நம் மலைநாட்டு மக்களில் பெரும்பாலோரின் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். ஆனால் நம் தட்டில் இருப்பது ரொட்டியும் பாணும். சோற்றுக்காரருக்கு இந்நோய் வராது என்று எண்ணுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

இரண்டும் ஒன்றாக இருக்கும்போது

தரம் ஒன்பதிலிருந்தே எனக்கு வயிறு எரியும், ஊதும். முகம் வெளிறியிருக்கும், படியேறினால் மூச்சு வாங்கும். குருதிச்சோகை என்று இரும்புச்சத்துக் குளிசை தந்தார்கள். முடித்தபின் பரிசோதித்தால் அளவு ஏறியிருக்காது. மறுபடியும் குளிசை. வயிற்று எரிவுக்கு அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் தந்தார்கள். எரிவு தணியும், சோர்வு போகாது. "சோம்பேறித்தனம்" என்றனர் சிலர். "வயசுப்பிள்ளைக்கு இப்படித்தான்" என்றனர் வேறு சிலர்.

கினிகத்தேனை வழியாகப் பஸ்ஸில் கண்டிக்குப் போய் ஒரு வைத்திய நிபுணரைக் கண்டோம். இரும்புச்சத்து கொடுத்தும் ஏறவில்லை என்றால் அது எங்கே தடைப்படுகிறது என்று பார்க்கவேண்டும் என்றார் அவர். குருதியில் பிறபொருளெதிரிச் சோதனை செய்தார். பின்னர் வாய்வழியாகக் கமரா பொருத்திய குழாயைச் செலுத்தும் என்டோஸ்கொப்பி நடந்தது. அந்த ஒரே சோதனையில் இரைப்பையிலிருந்தும் முன்சிறுகுடலிலிருந்தும் சிறு திசுத்துண்டுகள் எடுத்தார்கள். மேலே பற்றீரியாவால் வந்த அழற்சி. கீழே தட்டையான சடைமுளைகள். ஒரு வலிக்கு இரண்டு காரணங்கள்.

பற்றீரியாவுக்கு இரண்டு நுண்ணுயிர்கொல்லிகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் 14 நாட்கள். கோதுமைக்கோ ஆயுள் முழுவதும் விடை. ஒன்றுக்குச் செய்யும் சிகிச்சை மற்றதைத் தீர்க்காது என்பதே நான் கற்ற முதற்பாடம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகள் குறைந்து, குடலும் ஆறத் தொடங்கி, நோய் இருந்தும் இல்லையென்று சோதனை சொல்லக்கூடும். சோதனை முடியும்வரை வழமைபோல் உண்ணவேண்டும்.

ஒன்றுக்கு மருந்து, மற்றதற்கு நஞ்சு

வயிறு எரிகிறது என்றால் நம் வீடுகளில் என்ன தருவோம்? இரண்டு கிரேக்கர் பிஸ்கட், ஒரு துண்டு பாண், ஒரு கோப்பை மோல்ட் பானம், சிலவேளை பார்லித் தண்ணீர். எல்லாம் அன்போடு தருவதுதான். ஆனால் பிஸ்கட்டும் பாணும் கோதுமை. மோல்ட் என்பது பார்லி. இரைப்பைக்கு இதமானது என் குடலுக்கு ஆகாது. மறுபுறம், குளூட்டன் இல்லாத மரவள்ளிக்கிழங்கை அவித்தால் அதற்குத் துணையாக வருவது கட்டச்சம்பல். அது குடலுக்குத் தீங்கற்றது. என் இரைப்பையோ எரிகிறது. இரண்டு பட்டியல்களிலும் தேறுபவற்றைத் தேடுவதே என் அன்றாட வேலை.

அப்படித் தேறியவை: சோறு, அரிசிக் கஞ்சி, வீட்டில் இடித்த அரிசிமா இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, பருப்பு, முட்டை, மீன், நுவரெலியா உருளைக்கிழங்கும் கரட்டும், வாழைப்பழம். ஆகாதவை கண்ணுக்குத் தெரிபவை மட்டுமல்ல. கடை இடியப்பத்திலும் பிட்டிலும் அவித்த கோதுமை மா சேர்ப்பதுண்டு. குரக்கன் ரொட்டியில் பாதி கோதுமையாக இருக்கலாம். கூட்டுப்பெருங்காயத்திலும் சோயா சோஸிலும்கூடக் கோதுமை உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமைதான். சோயாமீற், சொசேஜஸ் வாங்கினால் பொதியிலுள்ள எழுத்துக்களை முழுவதும் வாசிக்கவேண்டும்.

தேயிலை மண்ணில் வாழும் நாம் தேநீரைப் பற்றியும் அறியவேண்டும். தேயிலையில் குளூட்டன் இல்லை. ஆனால் அதிலுள்ள தனின் போன்ற பொருட்கள் உணவின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கின்றன. வெறும் வயிற்றில் கடுஞ்சாயம் குடித்தால் சிலருக்கு எரிவும் கூடும். எனவே சாப்பிட்டு ஒரு மணித்தியாலமேனும் கழித்தே நான் தேநீர் குடிக்கிறேன். இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்குவதில்லை.

உம்மாவின் சமையலறை

தூள் அளவு கோதுமையும் குடலைத் தாக்கும். அதனால் உம்மா எனக்கென்று தனி அரிதட்டு, தனி இடியப்ப உரல், தனி மரக்கரண்டி வைத்திருக்கிறார். கோதுமை ரொட்டி சுட்ட கல்லில் என் தோசையை ஊற்றமாட்டார். பெட்டிஸும் ரோல்ஸும் பொரித்த எண்ணெயில் எனக்கு எதுவும் பொரிப்பதில்லை. வாப்பாவும் கடையில் அரிசிமாவுக்கும் கோதுமை மாவுக்கும் வெவ்வேறு அள்ளு வைத்துவிட்டார். இவற்றில் எதற்கும் பெரிய செலவில்லை. வெளிநாட்டுக் குளூட்டனற்ற பாண் நமக்குக் கட்டுப்படியாகாது. அது அவசியமும் இல்லை. நம் அரிசியே போதும்.

நோன்பு காலத்தில் அரிசிக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் வட்டலப்பமும் எனக்குப் பொருந்துகின்றன. கஞ்சியில் பார்லியோ ஓட்ஸோ சேர்க்கவில்லையா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். இரைப்பையில் புண் ஆறாதவர்கள் நோன்பு பிடிக்கலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவுசெய்யவேண்டும். நோயாளி பின்னர் நோற்கும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

"பொம்பளப்பிள்ளைக்கு வருத்தம் என்று வெளியே சொல்லாதே, நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது கஷ்டம்" என்று எங்கள் உறவினர் ஒருவர் உம்மாவிடம் சொன்னார். உம்மா கேட்கவில்லை. மறைத்திருந்தால் விருந்துக்குப் போகுமிடமெல்லாம் கோதுமையைத் தின்று நான் சிரிக்கவேண்டியிருக்கும். சிகிச்சையில்லாத சீலியாக் நோய் வளர்ச்சியைக் குறைக்கும்; பூப்பெய்துவதைப் பிந்தச் செய்யும்; எலும்பைப் பலவீனமாக்கும்; பிற்காலத்தில் கருத்தரிப்பதிலும் கரு தங்குவதிலும் சிக்கல் தரலாம். உணவைச் சரியாகப் பேணும் பெண்ணோ மற்றவர்களைப் போலவே வாழலாம். ஆகவே அஞ்சவேண்டியது நோயின் பெயரை அல்ல, அதை ஒளிப்பதையே.

உங்கள் பிள்ளைக்கு இரும்புக் குளிசை கொடுத்தும் குருதிச்சோகை தீரவில்லையா? வயதுக்கேற்ற உயரமும் நிறையும் இல்லையா? வயிற்றோட்டமோ வயிற்றூதலோ வாய்ப்புண்ணோ திரும்பத் திரும்ப வருகிறதா? அமிலம் குறைக்கும் மருந்து நின்றதும் எரிவு மீள்கிறதா? அப்படியானால் "சீலியாக் சோதனை செய்யலாமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். மலம் கறுத்துப் போனாலோ வாந்தியில் இரத்தம் வந்தாலோ ஒரு நாளும் பொறுக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். குடும்பத்தில் ஒருவருக்குச் சீலியாக் இருந்தால் உடன்பிறந்தவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும், அவர்களையும் சோதிக்கவேண்டும். என் தம்பிக்குச் சோதனை செய்தோம், இல்லையென்று வந்தது.

கோதுமையை விட்டு ஒன்றரை வருடமாகிறது. குருதியின் அளவு ஏறியிருக்கிறது. இரைப்பை இன்னும் சில இரவுகளில் எரிகிறது. நேரத்துக்குச் சாப்பிட்டால் தணிகிறது. சகோதரிகளே, உங்கள் வகுப்பில் ஒருத்தி விழாவன்று கேக்கை மறுத்தால், "ஒரு துண்டு தின்றால் என்ன?" என்று வற்புறுத்தாதீர்கள். ஒரு வாழைப்பழத்தை எடுத்து நீட்டுங்கள். அவள் மகிழ்வோடு வாங்கிக்கொள்வாள்.