மேல்நிலை வகுப்பில் தேச வரலாறு

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி அறிமுகமான காலந்தொட்டு வரலாறு அதில் ஒரு பாடமாக இருந்து வருகிறது. ஆயினும் அறிவியல் பிரிவில் இடம் கிடைக்காதோர் சேரும் பிரிவு என்னும் எண்ணமே பெற்றோர் பலரிடம் நிலவுகிறது. நம் சமுதாயமும் இதற்கு விதிவிலக்கன்று. முன்னோரின் பெருமைகளை மேடையில் கேட்டு மகிழும் நாம், அவற்றை ஆய்ந்தறியும் கல்விக்கு நம் பிள்ளைகளை அனுப்பத் தயங்குகிறோம்.

பதினாறு, பதினேழு வயதில் பயிலும் வரலாறு, கீழ்வகுப்புகளில் படித்ததன் விரிவு மட்டுமன்று. நிகழ்ந்தது யாது என்பதோடு, அதை நமக்கு அறிவித்தவர் யார், அவர் எவ்வாறு அறிந்தார், அவருடைய சார்பு எது என்றும் மாணவன் வினவத் தொடங்கும் பருவம் அது. ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்வினாக்கள் புதியனவல்ல. அறிவிப்பாளர் தொடரான இஸ்னாதை ஆராய்வது ஒன்று. அறிவிக்கப்பட்ட செய்தியான மத்னை ஆராய்வது மற்றொன்று. ஹிஜ்ரி 779இல் (கி.பி. 1377) ‘முகத்திமா’வை எழுதிய இப்னு கல்தூன், இந்த இரண்டாவது ஆய்வை வரலாற்றில் வலியுறுத்தினார். மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோர் இருந்தனர் என மஸ்ஊதி முதலியோர் எழுதியதை அவர் ஏற்கவில்லை. அத்துணைப் பெரும்படையை ஒரு நிலப்பரப்பு தாங்குமா, ஒரு முனையில் நிற்போர்க்கு மறுமுனையில் நடப்பது தெரியுமா என்று வினவினார்.

இம்முறையை நம் பாலக்கோட்டு மாணவர் தம் மண்ணிலேயே பயின்று பார்க்கலாம். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச் 18 அன்று சீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. திப்பு சுல்தான் தம் நாட்டின் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் அளிக்க இசைந்து, தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். பாலக்கோட்டை உள்ளடக்கிய பாராமகால் பகுதி அன்று கம்பெனியின் வசமாயிற்று.

இப்போரைச் சமயப் போராகக் கருதுவோர் இருதரப்பிலும் உளர். ஆனால் ஆங்கிலேயரோடு அணி சேர்ந்து திப்புவை எதிர்த்தவர்கள் ஹைதராபாத் நிஜாமும் மராத்தியரும் ஆவர். இவ்வோர் உண்மையே அக்கருத்தை மறுபரிசீலனை செய்யப் போதுமானது. திப்புவைப் பற்றிக் கம்பெனி அதிகாரி மார்க் வில்க்ஸ் எழுதியதும் உண்டு. மைசூர் அரசில் பணியாற்றிய மீர் ஹுசைன் அலீ கான் கிர்மானி பாரசீகத்தில் எழுதியதும் உண்டு. முன்னவர் பகைவரின் தரப்பினர். பின்னவர் அரசின் உப்பை உண்டவர். இருவரையும் ஒருங்கே வைத்து எடைபோடுவதே வரலாற்றுக் கல்வி.

உடன்படிக்கைக்குப் பின் நிகழ்ந்ததும் கவனத்திற்குரியது. பாராமகாலின் நிருவாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடும், அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, உழவரிடமே நேரடியாக வரி தண்டும் முறையை வகுத்தனர். பின்னர் ரயத்துவாரி என்னும் பெயரில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அது பரவியது. இன்று நம் இல்லங்களில் உள்ள பட்டாவின் வேர்களுள் ஒன்று இங்கிருக்கிறது. பாடநூலில் ஓரிரு வரிகளில் முடியும் செய்தி, இவ்வாறு படிக்கும்போது குடும்பத்தின் வரலாறாகி விடுகிறது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமம் தனது 12ஆம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய இயலை நீக்கியது. 2023ஆம் ஆண்டு அது பெரும் விவாதமாயிற்று. தமிழகப் பாடநூல் வேறு எனினும் அதில் நமக்கும் படிப்பினை உண்டு. ஓர் இயலை நீக்குவது எளிது. மூலச்சான்றுகளைத் தேடிப் படிக்கக் கற்ற மாணவனிடமிருந்து அக்காலத்தை நீக்குவது எளிதன்று. அதற்குப் பாரசீகம், உருது, மராத்தி, ஆங்கில ஆவணங்களை வாசிக்க வல்லோர் வேண்டும். நம் அரபுக் கல்லூரிகளில் மொழிப்பயிற்சி இருக்கிறது. மேல்நிலைப் பள்ளியில் வரலாற்றுப் பாடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாணவனிடம் சேர்ப்பது பெற்றோர், ஆசிரியர் ஆகிய நம் பொறுப்பாகும்.