ஐஸ்பழமும் இளஞ்சிறாரும்

பழம் என்னும் பெயர் பூண்டும் பழமாகாத பொருள் ஒன்று யாழ்ப்பாணத்தில் உண்டு. நீரும் சீனியும் நிறமூட்டியும் கலந்து உறையவைத்து, ஒரு குச்சியோடு கையிலே தரும் அப்பண்டத்தை நம்மவர் ஐஸ்பழம் என்பர். தமிழகத்தார் குச்சியை முன்னிறுத்திக் குச்சி ஐஸ் என்றனர். நாமோ குச்சியைக் காம்பாகக் கண்டு, அதன் நுனியில் உள்ளதைப் பழமாக்கிவிட்டோம். இப்பெயரை முதலில் இட்டவர் ஒரு குழந்தையாகவே இருத்தல் வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. ஐஸ்கிறீமுக்குக் ‘குளிர்களி’ என்று கடைப் பலகைகளில் எழுதிப் பார்த்த காலமும் நம்மிடையே இருந்தது. பேக்கரிக்கு இட்ட ‘வெதுப்பகம்’ வேரூன்றியது. குளிர்களியோ பலகையளவில் நின்றுவிட்டது. ஐஸ்பழம் என்னும் சொல் மட்டும் பண்டிதர் எவருடைய துணையும் இன்றி இனிது வாழ்கின்றது.

இச்சிறு பண்டத்தைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வைகாசி மாதத்து நண்பகல் ஒன்றிலே, பாடசாலை விட்டுப் பிள்ளைகள் வெளியேறிக்கொண்டிருந்தனர். வாயிலருகே வேம்பின் நிழலில், துவிச்சக்கர வண்டியின் பின்புறத்தே பெட்டி கட்டிய ஐஸ்பழ வியாபாரி நின்றார். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் செந்நிற ஐஸ்பழம் ஒன்றை வாங்கி, இன்னும் வாயில் வையாது, அதன் அழகைப் பார்த்தபடி நின்றான். அவ்வாண்டில் எங்கள் அயலில் நெருப்புக்காய்ச்சல் கண்டவர் சிலர் இருந்தனர். அந்த அச்சம் ஒருபுறமும் ஆசிரியன் என்னும் செருக்கு மறுபுறமும் உந்த, நான் விரைந்து சென்று அதனை அவன் கையிலிருந்து பறித்து மணலில் எறிந்தேன். அசுத்த நீரின் தீமைபற்றிச் சுற்றி நின்ற பிள்ளைகளும் கேட்கும்படி ஒரு விரிவுரையும் ஆற்றினேன். சிறுவன் அழவில்லை. என் உரை முடிவதற்குள் ஐஸ்பழம் மணலில் உருகி மறைந்து குச்சி மட்டும் எஞ்சியது. அவன் குனிந்து அக்குச்சியை எடுத்துத் துடைத்துக் காற்சட்டைப் பையில் இட்டுக்கொண்டு போனான்.

மறுநாட் காலையில் அவனுடைய தாயார் வந்தார். தோட்டங்களிலே கூலிவேலை செய்பவர். வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார். முறையிட வந்தார் என எண்ணி நான் விடைகளை ஆயத்தஞ் செய்துகொண்டேன். அவரோ, “ஐயா, நேற்று அவனுக்குப் பிறந்தநாள். நான்தான் காசு குடுத்துவிட்டனான். அது கூடாதெண்டு எனக்குத் தெரியேல்லை. இனிக் குடுக்கமாட்டன்” என்றார். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நானாக இருக்க, கேட்க வந்தவர் அவராக இருந்தார். ஆயத்தஞ் செய்திருந்த விடைகளுள் ஒன்றும் உதவவில்லை.

அன்று வாயிலில் நின்று நான் முழங்கியவற்றுள் எவ்வளவு உண்மை, எவ்வளவு வெறும் அதட்டல் என்று ஆராயும் கடன் எனக்கு அதன்பின்னரே உண்டாயிற்று.

முதற்கண், ஐஸ்பழம் செய்யும் இடம் ஒன்றைச் சென்று பார்த்தேன். பெரிய தொட்டியிலே உப்புநீர் கடுங்குளிரில் ஓடிக்கொண்டிருந்தது. நன்னீர் பூச்சியப் பாகையில் உறையும். உப்புச் செறிந்த நீரோ அதனினும் மிகத் தாழ்ந்த குளிரிலும் நீராகவே நிற்கும். கறியுப்பைத் தக்க அளவிற் கரைத்தால், பூச்சியத்துக்குக் கீழ் 21 பாகை செல்சியசு வரையிற்கூட அந்நீர் உறையாது. அதனுள்ளே பாகு நிறைத்த உலோக அச்சுக்களை அமிழ்த்துகின்றனர். பாகு பாதி உறைந்த பதத்தில் குச்சிகளை நடுகின்றனர். முற்றும் உறைந்தபின் அச்சுக்களை இளஞ்சூட்டு நீரில் ஒரு கணம் தோய்க்க, பழங்கள் வழுக்கி வெளிவருகின்றன. உப்பின் இவ்வியல்பை வகுப்பிலே கற்பித்த ஆசிரியர்கள் மாணவரை இத்தகைய இடத்துக்கு அழைத்துச் சென்றால் ஒரு பாடம் மறவாது நிற்கும். இப்பண்டத்தின் பிறப்பும் ஒரு சிறுவனோடு தொடர்புடையதே. கலிபோர்னியாவில் 1905இல் பிராங்க் எப்பர்சன் என்னும் பதினொரு வயதுச் சிறுவன், கலக்கிய பானத்தைக் குச்சியோடு இரவு முழுவதும் வெளியே மறந்துவிட்டான் என்றும், விடியற்காலையில் அது குச்சியோடு உறைந்திருக்கக் கண்டான் என்றும் கூறுவர். வளர்ந்தபின் 1924இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றான்.

நான் கண்ட தொட்டியும் அச்சுக்களும் தூய்மையாகவே இருந்தன. என் ஐயம் அவற்றைப் பற்றியதன்று. பாகுக்கு எடுத்த நீரைப் பற்றியது. குளிர் கிருமிகளைக் கொன்றுவிடும் என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. அது பாதி உண்மை. உறைதலினால் பல கிருமிகள் மடியும். ஆயினும் எஞ்சியவை உறங்கிக் கிடந்து, உருகியதும் விழித்துக்கொள்ளும். நெருப்புக்காய்ச்சலைத் தரும் பற்றீரியா இவ்வாறு பனிக்கட்டியினுள்ளே பிழைத்திருக்க வல்லது. நம் குடாநாடோ சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. மேலே ஊற்றியது வெடிப்புக்களின் வழியே விரைவில் கீழே சென்று நிலத்தடி நீரோடு கலக்கும். கிணறும் மலக்குழியும் அண்மையில் அமைந்த வளவுகளில் நேர்வது யாது என்பதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பலகாலும் எடுத்துரைத்து வருகின்றனர். ஆதலின், நீரைக் கொதிக்கவைத்தோ வேறு தக்க முறையிற் சுத்திகரித்தோ செய்த ஐஸ்பழம் வேறு. கிணற்றில் அள்ளியபடியே செய்தது வேறு. கண்ணாற் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. செய்தவர் பெயரும் முகவரியும் காலாவதித் திகதியும் அச்சிட்ட உறை நமக்கு ஒரு பிடி. உறையின்றி வருவதாயின், செய்பவர் இன்னார், நீர் இன்ன இடத்தது என்று நாம் அறிந்திருத்தல் வேண்டும். இடையில் உருகி மீண்டும் உறைந்த பழத்தையும் விலக்கவேண்டும். உருக் கோணி, குச்சி ஒருபக்கம் சாய்ந்து, உறையினுள்ளே பனித்துகள் ஒட்டியிருப்பின் அது அத்தகையது எனக் கொள்க.

ஆகவே நெருப்புக்காய்ச்சலைப் பற்றி அன்று நான் உரைத்தது வெற்றுரை அன்று. ஆயினும், அச்சிறுவன் கையில் இருந்தது எத்தகைய ஐஸ்பழம் என்று நான் வினவவும் இல்லை, உறையை வாங்கிப் பார்க்கவும் இல்லை.

அன்றைய உரையில் தடிமனையும் சேர்த்திருந்தேன். அது தவறு. தடிமன் வைரசுக்களால் வருவது. குளிர்ந்ததை உண்டதனால் பிறப்பதன்று. தொண்டையில் உண்ணாக்குச் சதை அகற்றப்பெற்ற பிள்ளைகளுக்கு வைத்தியர்களே ஐஸ்பழம் உண்ணக் கொடுப்பதுண்டு. வாந்தியெடுத்து வாடிய குழந்தை சீவனிக் கரைசலைக் குடிக்க மறுத்தால், அதனையே உறையவைத்துச் சிறிது சிறிதாகச் சூப்பக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. நம் பாட்டிமார் இதனை ஒப்பார். அவர்களோடு வாதிட நான் துணியவில்லை.

இனிச் சீனியைப் பற்றி. குளிர்ந்த நாவுக்கு இனிப்புப் புலப்படுவது குறைவு. அதனால், சாதாரண வெப்பநிலையில் அருந்தும் பானத்திலும் மிகுதியான சீனியை உறையவைக்கும் பாகிற் சேர்க்கவேண்டியிருக்கின்றது. இதனை எட்டாம் வகுப்பு மாணவரோடு நான் சோதித்தேன். ஓர் ஐஸ்பழத்தைக் கிண்ணத்தில் உருகவிட்டு, வெதுவெதுப்பான பின் ஆளுக்கொரு துளி நாவில் விட்டோம். முகஞ் சுளிக்காதவர் ஒருவரும் இலர். பெரும்பாலான நீர் ஐஸ்பழங்களில் 100 கிராமுக்கு 15 முதல் 20 கிராம் வரை சீனி இருக்கும். 60 கிராம் நிறையுள்ள ஒன்றில் ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி என்க. சொக்கிளேற் பூசிய பால்வகை ஒன்றில் இதனிலும் கூடும். கொழுப்பும் உடன் சேரும். நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைக்குச் சேர்த்த சீனி நாளொன்றுக்கு 19 கிராமுக்கு மேற்படலாகாது என்பது இங்கிலாந்துச் சுகாதாரத் துறையார் வகுத்த எல்லை. ஓர் ஐஸ்பழம் அதிற் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். தேநீரும் விசுக்கோத்தும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கோ சேர்த்த சீனியே வேண்டா. நம் நாட்டில் 2016 ஆவணி முதலாந் திகதி தொடக்கம் மென்பானங்களுக்குச் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் விதிக்கப்பட்டன. பின்னர்த் திண்ம உணவுகளுக்கும் அம்முறை விரிக்கப்பட்டது. உறையில் அவ்வடையாளம் இருப்பின் எழுத்தறியாத் தாயும் அதனைக் கண்டு தெரிந்தெடுக்கலாம். எழுத்தறிந்தோர் அதனைக் காணாது வாங்குவதையே நான் மிகுதியாகக் கண்டிருக்கின்றேன்.

நிறங்களைப் பற்றிப் பெற்றோர் அதிகம் வினவுகின்றனர். 2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்தார் மூன்று வயதினரையும் எட்டு ஒன்பது வயதினரையும் கொண்டு நடத்திய ஆய்வில், சில செயற்கை நிறமூட்டிகளும் சோடியம் பென்சோவேற்றும் கலந்த பானத்தை அருந்திய சிறார் சிலரிடத்தே அமைதியின்மை சற்றுக் கூடியது தெரியவந்தது. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், அந்நிறமூட்டிகள் ஆறனுள் ஒன்றேனும் சேர்ந்த உணவின் உறையில் எச்சரிக்கை எழுதப்படவேண்டும் என்பது விதியாயிற்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் நஞ்சு என்று இதற்குப் பொருளன்று. இரண்டு பழங்கள் நம்முன் இருப்பின் நிறம் மங்கியதை எடுப்பது நன்று என்பதற்கு இது போதும்.

அளவும் காலமும் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். சிறிய கைக்குச் சிறிய பழம். பசித்த வயிற்றில் அன்று, மதிய உணவின்பின். நெடுநேரம் சூப்பிக்கொண்டிருந்தால் சீனி பல்லிலே நின்று தீங்கு செய்யும். உண்டபின் ஒரு மிடறு நீர் கொடுக்கவேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நாவிற் படின் ஒட்டிக்கொள்ளும், சிறிது பொறுக்கவேண்டும். குச்சியை வாயில் வைத்தபடி ஓடும் பிள்ளை தடுக்கி விழுந்தால் நேர்வதை எழுதவே கை கூசுகின்றது. இருத்தி உண்பித்தல் வேண்டும். கடித்த கட்டி தொண்டையில் அடையாவண்ணம் பெரியவர் ஒருவர் அருகே இருத்தலும் வேண்டும்.

ஆயின் நம் வீடுகளில் யான் காணும் பெருந்தவறு இவற்றுள் ஒன்றன்று. “பாடத்தை முடித்தால் ஐஸ்பழம்”, “கீரையைத் தின்றால் ஐஸ்பழம்” என்று பேரம் பேசுகின்றோம். பரிசாகக் கொடுத்த பண்டத்தின்மேல் பிள்ளைக்கு வேட்கை மிகும் என்றும், அதற்காக உண்பிக்கப்பட்ட உணவின்மேல் வெறுப்பு வளரும் என்றும் உளநூலார் ஆய்ந்து கண்டுள்ளனர். கீரை தண்டனையாகவும் ஐஸ்பழம் விடுதலையாகவும் ஆகிவிடுகின்றன. அத்தாயார் செய்தது இவ்வாறன்று. அவர் பேரம் பேசவில்லை. ஆண்டில் ஒருநாள், அவன் பிறந்த நாள் என்பதற்காக மட்டும் காசு கொடுத்தார். நூல்களைப் புரட்டி நான் பின்னர் அறிந்ததை அவர் நூலின்றியே அறிந்திருந்தார்.

அவ்வாண்டு மாம்பழக் காலம் முடிவதற்குள், கறுத்தக்கொழும்பான் பழங்களின் சதையை மசித்து, காய்ச்சி ஆறவைத்த பாலைக் கலந்து, சிறு கிண்ணங்களில் ஊற்றிக் குச்சி நட்டு, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்தோம். சாற்றை மட்டும் பிழிந்தெடுத்தால் நார் போய் வெல்லம் எஞ்சும். ஆதலின் சதையோடு மசித்தோம். சீனி சேராததனால் முதலாவது முயற்சி கல்லாயிற்று. பாகின் உறைநிலையைத் தாழ்த்தி உறைந்ததை மெதுவாக்குவது சீனியே என்பதை நான் எண்ணவில்லை. நன்கு கனிந்த கதலி வாழைப்பழம் இரண்டைச் சேர்த்தபின் பதம் வந்தது. இரண்டாம் வகுப்பில் இருபத்து மூன்று பிள்ளைகள். மதிய உணவின்பின் வரிசையாக இருத்தி ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். அச்சிறுவனிடம் கொடுக்கும்போது, அன்றைக்கு நான் செய்தது பிழை என்று அவன் காதருகே குனிந்து சொன்னேன்.

அவன் தன் கையில் இருந்த மஞ்சள் நிறப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்னர் என்னை நிமிர்ந்து நோக்கி, “சிவப்பு இல்லையா ஐயா?” என்றான்.

அடுத்த முறை வத்தகப்பழத்திற் செய்தோம்.