இலக்கத் தகட்டின் ஆயுள்

மோட்டார் வண்டியிலே பூட்டப்படும் இலக்கத் தகடு எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினாவுக்கு ஒரே விடை கிடையாது. வண்டிகளைப் பதியும் அதிகாரம் அங்கே மத்திய அரசாங்கத்திடம் இல்லை. ஐம்பது மாநிலங்களும் தத்தம் சட்டப்படி ஒழுகுகின்றன. ஆதலின் ஒரு மாநிலத்திலே தலைமுறை கடந்து நிற்கும் தகடு, மற்றொரு மாநிலத்தில் சில ஆண்டுகளிலேயே கழிவுத் தகரமாகிவிடுதல் கூடும்.

தொடக்கத்தில் இச்சிக்கல் எழவில்லை. 1901 இல் நியூ யோர்க் மாநிலம் வண்டிகளைப் பதியுமாறு பணித்தபோது, உரிமையாளர் தம் பெயரின் முதலெழுத்துக்களைத் தாமே பொறித்துக்கொண்டனர். அரசே தகடு வழங்கும் வழக்கத்தை 1903 இல் மசச்சூசெற்ஸ் மாநிலம் தொடக்கிவைத்தது. பின்னர்ப் பல மாநிலங்கள் ஆண்டுதோறும் நிறத்தை மாற்றிப் புதுத் தகடு கொடுத்தன. வரி கட்டியவன் யார், கட்டாதவன் யார் என்பதைப் பொலிசார் தொலைவிலிருந்தே நிறத்தால் அறிந்தனர். தகடுதான் அக்காலத்துப் பற்றுச்சீட்டு எனலாம்.

இரண்டாம் உலகப் போரிலே உருக்குக்குத் தட்டுப்பாடு உண்டாயிற்று. இலினோய்ஸ் மாநிலம் சோயா அவரையிலிருந்து பெற்ற பொருள் சேர்ந்த நார்ப்பலகையால் தகடு செய்தது. அவற்றை ஆடுமாடுகள் சுவைத்துத் தின்றன என்பது அந்நாளைய வேடிக்கைச் செய்தி! வேறு பல மாநிலங்கள் பழைய தகட்டின்மீதே ஆண்டைக் குறிக்கும் சிறு துண்டைப் பொருத்தின. நாளடைவில் இத்துண்டின் இடத்தை ஒட்டுச்சீட்டுப் பிடித்துக்கொண்டது. வரி செலுத்தியமைக்குச் சீட்டே சான்றானபின், தகட்டை எப்போது மாற்றுவது என்ற கேள்வி அப்போதுதான் பிறந்தது.

மாற்றவே வேண்டாம் என்பாரும் உளர். கலிபோர்ணியாவில் 1963 இல் வழங்கத் தொடங்கிய, கறுப்பு நிலத்தில் மஞ்சள் எழுத்துடைய தகடு, வண்டியைவிட்டுப் பிரியாமலும் பதிவு அறாமலும் இருப்பின் இன்றும் செல்லும். டெலவெயர் மாநிலத்திலோ பழைய எனாமல் தகடுகள் குடும்பச் சொத்தாகவே மதிக்கப்படுகின்றன. அங்கே 6 என்னும் இலக்கம் 2008 இல் 675,000 டொலருக்கு ஏலம் போயிற்று. ஒன்று முதல் மூன்று வரையான இலக்கங்கள் ஆளுநர் முதலிய அதிகாரிகளுக்கு உரியவையாதலால், விலைக்கு வரக்கூடியவற்றுள் இதனினும் சிறியவை மிகச் சிலவே.

மாற்றத்தான் வேண்டும் என்பாரிடமும் வலுவான நியாயம் உண்டு. இக்காலத் தகட்டின் மேற்பரப்பிலே நுண்ணிய கண்ணாடி மணிகள் பொதிந்த படலம் ஒட்டப்படுகிறது. எதிர்வரும் வண்டியின் விளக்கொளியை அது வந்த வழியே திருப்பி அனுப்புவதனால், இரவிலும் இலக்கம் துலங்குகிறது. வெயிலும் பனியும் வீதியில் தூவும் உப்பும் இப்படலத்தை அரிக்கின்றன. படலம் உரிந்தால் பொலிசாருக்கும் தெரியாது; சுங்கப் பாதையிலே படம்பிடிக்கும் கமெராவுக்கும் தெரியாது. ஏழாண்டுக்கு ஒருமுறை தகடு மாற்றவேண்டும் என்று வாஷிங்டன் மாநிலம் விதித்திருந்தது இதுபற்றியே. ஆயினும் 2015 முதல் அவ்விதி நீக்கப்பட்டது.

உண்மையான வழக்கு, செலவை யார் சுமப்பது என்பதே. 2019 ஓகஸ்ட் மாதத்தில் நியூ யோர்க் ஆளுநர் அன்ட்ரூ குவோமோவின் அரசாங்கம், பத்தாண்டு கடந்த தகடுகளை 2020 ஏப்ரல் முதல் கட்டாயமாக மாற்றுவிக்கத் திட்டமிட்டது. கட்டணம் 25 டொலர். பழைய இலக்கத்தையே வைத்துக்கொள்ள விரும்பினால் மேலும் 20 டொலர். நன்றாயிருக்கும் தகட்டுக்கு எதற்காகப் பணம் என்று மக்கள் கொதித்தெழுந்தனர். சட்டசபை உறுப்பினர் பலரும் எதிர்த்தனர். தெளிவாய்த் தெரியும் தகட்டையும் உரிந்த தகட்டையும் வயதொன்றையே கொண்டு சமமாக எண்ணியது அத்திட்டத்தின் குறை. ஈற்றில் கட்டாயம் கைவிடப்பட்டது. புதிய வடிவம் 2020 இல் புழக்கத்துக்கு வந்தது. வாசிக்கக்கூடிய பழைய தகடுகளோ வண்டிகளிலேயே தங்கிவிட்டன.