ஆயில் எஞ்சினும் மசகெண்ணெயின் நிறமும்

கிணற்றிறைவைக்கு டீசல் எஞ்சின் வைத்துள்ள குடியானவர்களிற் சிலர், மசகெண்ணெய் கறுத்தவுடன் கெட்டதென்றெண்ணிக் கொட்டிவிடுகின்றனர். இது சரியன்று. டீசல் எரிவதால் உண்டாகும் கரியை எண்ணெயிற் சேர்த்துள்ள மருந்துச் சரக்குகள் படியவொட்டாது தாங்கி நிற்பதாலேயே அது விரைவில் கறுக்கின்றது. ஆகவே, எஞ்சின் செய்தவர் குறித்துள்ள ஓட்ட மணிக்கணக்குப்படியே எண்ணெயை மாற்றவேண்டும்.

அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த காப்பி போற் காணின், தண்ணீர் புகுந்துள்ளது. நீர்த்து இளகி டீசல் வாடை வீசின், எரிபொருள் கலந்துள்ளது. விரலிடைத் தேய்க்கையில் உலோகப் பொடி மின்னின், உள்ளுறுப்புகள் தேய்கின்றன. இம்மூன்றில் எது காணினும், பயிர் வாடுகின்றதே என்று எஞ்சினை ஓட்டலாகாது. உடனே நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுவது நலம். பயிர் ஒரு நாள் பொறுக்கும். எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொண்டாலோ, அப்போகமே கைவிட்டுப் போகக்கூடும்.