மத்தியா, சூடையா? உரத்துக்கு மீன் வாங்குமுன் கவனிக்க

விளாங்குடி, பரவைப் பக்கம் தென்னைக்கும் மல்லிகைக்கும் மீன் உரம் இட விரும்பும் உழவர் பெருமக்கள் "சாளை" என்று கேட்டு வாங்கினால், மத்தியும் சூடையும் கலந்து வருவதுண்டு. இரண்டும் உறவு மீன்களே, உரத்துக்கு ஒன்றல்ல.

மத்தியை, அதாவது பேய்ச்சாளையை, தலையைக் கொண்டே அறியலாம். வால் நீங்கலான நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தலை. 1847-ல் பிரெஞ்சு அறிஞர் வாலென்சியென் இதற்கு இட்ட 'லாஞ்சிசெப்ஸ்' என்ற பெயருக்கே நீண்ட தலை என்றுதான் பொருள். உடல் உருண்டிருக்கும்; செவுள் மூடியின் பின்விளிம்பில் ஒரு கரும்புள்ளி தெரியும். சூடை தட்டையானது. அதன் கரும்புள்ளி முதுகுத் துடுப்பு தொடங்கும் இடத்தில் இருக்கும். விலாவில் ஓடும் பொன்னிறக் கோட்டை நம்ப வேண்டாம். சூடையிலும் அது உண்டு. காய்ந்தபின் நிறம் மங்கும், தலை மாறாது.

மத்தியில் எண்ணெய் மிகுதி. எண்ணெய் நீங்காத மீன் மண்ணில் மெதுவாகவே மட்கும். தழைச்சத்து பயிருக்குக் கிடைக்கத் தாமதமாகும். எண்ணெய் எடுத்த சக்கையை உரமாக்கும் வழக்கம் இதனால்தான். நல்ல மத்தியைக் குழம்புக்கு வைத்துக்கொண்டு, சூடையையோ தலை, குடல் கழிவையோ நிலத்துக்கு வாங்கலாம்.

காய்ந்த மீன் உரத்தில் தழைச்சத்து 4 முதல் 10 சதம், மணிச்சத்து 3 முதல் 9 சதம் வரை உண்டு. சாம்பல்சத்து 1.5 சதத்துக்கு மேல் இராது. அதைத் தனியே இட வேண்டும். உப்பிட்ட கருவாடு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நிலத்தில் போட வேண்டாம். சந்தேகமானால் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.